வட சென்னையில் சூப்பர்சார்ஜர் பொருத்திய கார்: வெப்பத்தைக் கட்டுப்படுத்தி இஞ்சினைக் காப்பதற்கான வழிகாட்டி

சாதாரணப் பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி, பிறகு அதில் சூப்பர்சார்ஜர் (பெல்ட்டில் சுழன்று, காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் செலுத்திச் சக்தியைக் கூட்டும் கருவி) பொருத்த நினைக்கும் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, மணலி, மாதவரம் பக்கத்து நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். என் காரில் இந்த வேலை முடிவதற்குள் ஆவணம், சுங்கம், பட்டறை, டியூனிங் (இஞ்சின் கணினியில் பெட்ரோல், இக்னிஷன் அளவுகளைச் சரிசெய்வது) என்று ஒவ்வொரு கட்டத்திலும் அலைய வேண்டியிருந்தது. கிட்டோடு வந்த கையேட்டில் போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது வரை எழுதியிருந்தது. ஆனால் கத்திரி வெயிலில், இருபுறமும் கன்டெய்னர் லாரிகள் நிற்க, ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க, எண்ணூர் விரைவுச் சாலையில் நடைவேகத்தில் நகரும் காரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நம் ஊரில் இஞ்சின் கெடுவது பெரும்பாலும் அந்த நிலையிலோ, அதிலிருந்து விடுபட்டவுடன் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்கும் அந்த முதல் சில நொடிகளிலோதான்.

நான் வலியுறுத்துவது வேலையின் வரிசையை. குளிர்விப்பையும் அளவுக் கருவிகளையும் முதலில் முடித்துவிட்டு, பூஸ்ட்டை, அதாவது சூப்பர்சார்ஜர் ஏற்றும் கூடுதல் காற்றழுத்தத்தை, கடைசியில் கொடுங்கள். பட்டறைகள் பலவும் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: முதலில் சூப்பர்சார்ஜரைப் பூட்டி ஓட்டிக் காட்டுகிறார்கள், சூடு ஏறிய பிறகு, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பற்றிப் பேசுகிறார்கள்.

1. பணம் கொடுப்பதற்கு முன் சட்டமும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்து தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின் கீழ், அனுமதியில்லாத உதிரிபாகத்தைப் பொருத்தி வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். "யாரும் பானெட்டைத் திறந்து பார்க்க மாட்டார்கள்" என்று சொல்லும் பட்டறைக்காரர் அந்த அபராதத்தைக் கட்டப்போவதில்லை.

ஆகவே கிட்டை வாங்குவதற்கு முன்பே, உங்கள் பகுதிக்குரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலமாக அனுமதி கேளுங்கள். ஆர்.சி., நடப்புக் காப்பீட்டுப் பத்திரம், புகைச் சான்றிதழ், அடையாளச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றோடு, பொருத்தவிருக்கும் கருவியின் தொழில்நுட்ப விவரத்தாளையும் இணைத்துக் கொடுத்து, மனுவின் நகலில் பெறப்பட்ட முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதி கிடைத்து மாற்றம் செய்தால், 14 நாட்களுக்குள் ஆர்.சி.யோடு சென்று அதைப் பதிவுசெய்ய வேண்டும். அனுமதி மறுக்கப்படவும் பெரிதும் வாய்ப்பு உண்டு. மறுத்துவிட்டால் அந்தக் காரைப் பொதுச்சாலையில் ஓட்டும் எண்ணத்தைக் கைவிட்டு, பந்தயத் தடத்துக்கு மட்டும் என்று ஒதுக்குவது ஒன்றே வழி. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள தடத்துக்கு அதை இழுவை வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் கடிதம் எழுதி, மாற்றத்தைப் பாலிசியில் ஒப்புதல் குறிப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பிரீமியம் கூடும். தெரிவிக்காமல் விட்டால் விபத்துக் கோரிக்கை மறுக்கப்பட அது போதும். தெரிவித்தாலும் இரண்டு விஷயங்கள் வழக்கமான பாலிசிக்குள் வரமாட்டா: ஒன்று, இஞ்சினின் இயந்திரக் கோளாறு, மற்றொன்று, பந்தயத்திலோ வேகச் சோதனையிலோ ஏற்படும் சேதம். தயாரிப்பாளரின் வாரண்டி இன்னும் மிச்சமிருந்தால், இஞ்சினைப் பொறுத்தவரை அது முடிந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

2. இஞ்சின் இதைத் தாங்குமா என்று பார்த்தல்

கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டரின் அழுத்தத்தை அளப்பது), லீக் டவுன் டெஸ்ட் (சிலிண்டரிலிருந்து கசியும் காற்றை அளப்பது) இரண்டையும் செய்து, அளவுகளை எழுத்தில் வாங்குங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த இஞ்சினில் பூஸ்ட் பேச்சே வேண்டாம். அதற்குச் செலவிடும் பணத்தை முதலில் இஞ்சின் வேலைக்குக் கொடுங்கள். கம்ப்ரஷன் விகிதம் 10.5க்கு மேல் உள்ள, கம்பெனி பிஸ்டனோடு இருக்கும் இஞ்சினில் 0.4 பார் (காற்றழுத்த அளவு) பூஸ்ட்டுக்கு மேல் போக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதைவிடக் கூடுதலாக வேண்டுமென்றால் அடித்து உருவாக்கிய வலுவான ஃபோர்ஜ்டு பிஸ்டன், கனெக்டிங் ராட், ஹெட் கேஸ்கட் என்று செலவு வேறு தளத்துக்குப் போய்விடும்.

ரேடியேட்டரில் பழைய துரு, ஹோஸ்களில் வீக்கம், வாட்டர் பம்பில் கசிவு, விசிறி கிளம்பும் வெப்பநிலை ஆகியவற்றையும் இதே கட்டத்தில் பார்த்துவிடுங்கள். சாதாரண நிலையிலேயே மூலக்கடை சிக்னலில் ஏ.சி.யோடு நிற்கும்போது சூட்டு முள் நகரும் காரில் சூப்பர்சார்ஜர் வைப்பது ஆபத்து.

3. செலவைப் பிரித்தல்

கிட்டின் விலையை 100 என்று வைத்துக்கொண்டால், அதை ஒழுங்காக இயங்கவைக்க இன்னும் 60 முதல் 80 வரை கையில் வைத்திருங்கள் என்பது என் கணிப்பு. சுங்கவரி, இன்டர்கூலர் சுற்று, ஆயில் கூலர், இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், அளவுக் கருவிகள், டியூனிங் எல்லாம் அதற்குள் அடங்கும். பணம் போதாமல் போனால் கிட் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். குளிர்விப்புப் பகுதியைக் குறைத்து வாங்கிவிட்டு, "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுவதுதான் பலருடைய பிஸ்டன்களை உருக்கியது.

அதே வேளையில், மிகவும் பயன் தரும் சில வேலைகளுக்குச் செலவு மிகக் குறைவு. ரேடியேட்டரின் பக்கவாட்டு இடைவெளிகளை ஃபோம் பட்டையால் அடைக்கச் சில நூறு ரூபாய் போதும். புதிய ரேடியேட்டர் மூடிக்கும் அவ்வளவுதான்.

4. கிட்டை வரவழைத்தல்

சொந்தப் பயன்பாட்டுக்கு ஒரு கிட்டை வரவழைக்க இறக்குமதியாளர் குறியீட்டு எண் தேவையில்லை. ஆனால் பான், ஆதார் போன்ற அடையாள ஆவணங்கள், விற்பவரின் அசல் இன்வாய்ஸ், பணம் செலுத்தியதற்கான வங்கிச் சான்று ஆகியவை வேண்டும். வரி, பொருளின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. சரக்குக் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்த மொத்த மதிப்பின் மேல் கணக்கிடப்படுகிறது. கனமான வார்ப்புப் பொருள் என்பதால் விமானக் கட்டணம் அதிகமாகி, வரியையும் உயர்த்திவிடும். கொரியரில் ஆர்டர் செய்வதற்கு முன் கடல்வழிக் கட்டணத்தையும் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடல்வழியில் வந்தால் பெட்டி நேராக உங்கள் கைக்கு வராது. பலருடைய சரக்கு சேர்ந்த கன்டெய்னரில் வந்து, மணலி, மாதவரம் பக்கத்துக் கன்டெய்னர் நிலையம் ஒன்றில் இறங்கும். இலவசமாக வைத்திருக்கும் நாட்கள் கடந்தால் கிடங்கு வாடகை ஏறத் தொடங்கும், அது வரியைவிட வேகமாக வளரும். கப்பல் வருவதற்கு முன்பே ஒரு சுங்க முகவரை அமர்த்தி, ஆவணங்களின் நகலைக் கொடுத்து, அவருடைய கட்டணத்தை எழுத்தில் பேசிவிடுங்கள். விலையைக் குறைத்துக் காட்டிய இன்வாய்ஸை அனுப்புவதாக விற்பவர் சொன்னால் மறுத்துவிடுங்கள். பொருள் பறிமுதலாகி அபராதமும் விழும், பிறகு காப்பீட்டுக்கோ போக்குவரத்து அலுவலகத்துக்கோ காட்ட உங்களிடம் நேர்மையான விலைச்சீட்டும் இருக்காது.

5. சூப்பர்சார்ஜருக்கு முன் அளவுக் கருவிகள்

கிட் வந்து சேர்வதற்குள் கருவிகளைப் பொருத்தி, சாதாரண நிலையில் உங்கள் கார் என்ன அளவு காட்டுகிறது என்று குறித்து வையுங்கள். வேண்டியவை: கூலன்ட் வெப்பம், ஆயில் வெப்பம், ஆயில் அழுத்தம், பூஸ்ட், பெட்ரோல் அழுத்தம், வைட்பேண்ட் லாம்டா (காற்று, பெட்ரோல் கலவையை அளப்பது), உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம். பல கார்களின் டாஷ்போர்டு முள், கூலன்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 105இல் இருந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். அதை நம்ப வேண்டாம். நல்ல வைட்பேண்ட் கேஜ் ஒன்று வெளிநாட்டில் 200 டாலர் அளவில் கிடைக்கிறது.

காற்று வெப்ப சென்சார் எங்கே இருக்கிறது என்பதை நீங்களே கண்ணால் பாருங்கள். பல கார்களில் அது ஏர் ஃபில்டரை அடுத்த குழாயில் இருக்கும். சூப்பர்சார்ஜர் வந்த பிறகும் அதை அங்கேயே விட்டுவிட்டால், ஈ.சி.யூ. (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பார்ப்பது அழுத்தப்படாத 40 டிகிரிக் காற்றை, இஞ்சின் குடிப்பதோ 100 டிகிரியைத் தாண்டிய காற்றை. ஆபத்து வந்துவிட்டது என்று ஈ.சி.யூ.வுக்குத் தெரியவே தெரியாது. சென்சார் இன்டர்கூலருக்குப் பிறகு, இஞ்சினுக்கு மிக அருகில், திறந்த முனையுள்ள வேகமான வகையாக இருக்க வேண்டும். நான் சென்ற பட்டறை ஒன்று இதை மாற்றத் தேவையில்லை என்று சாதித்தது. வேறு பட்டறைக்குப் போய் மாற்றிய பிறகுதான் உண்மையான வெப்பம் தெரிந்தது.

6. உள்ளே போகும் காற்றைக் குளிர்வித்தல்

காற்றை அழுத்தினால் அது சூடாகும், இதற்கு விலக்கில்லை. கோடையில் 40 டிகிரி வெயில் என்று வைத்துக்கொண்டு 0.5 பார் பூஸ்ட்டுக்குக் கணக்குப் போட்டால், முழுத்திறனுள்ள கம்ப்ரஸரிலேயே காற்று ஏறத்தாழ 38 டிகிரி கூடுதலாகச் சூடாகும். சூப்பர்சார்ஜர் வகைகளில் ஒன்றான ரூட்ஸின் திறனை 55 சதவீதம் என்று எடுத்தால் கூடும் வெப்பம் 70 டிகிரி, அதாவது வெளியேறும் காற்று 110 டிகிரி. 70 சதவீதத் திறனுள்ள ஸ்குரூ வகையிலோ சென்ட்ரிஃப்யூகல் வகையிலோ 95 டிகிரி. இப்போது பானெட்டுக்குள் இருக்கும் 60 டிகிரிக் காற்றை ஃபில்டர் இழுத்தால், அதே ரூட்ஸ் வகையில் 134 டிகிரிக்குப் போய்விடும். உள்ளே 20 டிகிரி கூடினால் வெளியே 24 டிகிரி கூடுகிறது. ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் இதே கதிதான், குறைந்த அழுத்தத்திலிருந்து தொடங்க வேண்டியிருப்பதால் கம்ப்ரஸர் கூடுதலாக உழைத்துக் கூடுதலாகச் சூடேற்றும்.

எனவே முதல் வேலை, ஃபில்டருக்கு வெளிக்காற்று மட்டும் வரும்படி மூடிய பெட்டி செய்வது. அதன் வாய் கிரில்லுக்குப் பின்னால், உயரமாக இருக்கட்டும். பம்பருக்குக் கீழே வைத்தால் காற்று குளிர்ச்சியாக வரும் என்பது உண்மைதான். ஆனால் ஐப்பசி மழையில் வியாசர்பாடிப் பக்கத்துச் சுரங்கப்பாதைகளில் தேங்கும் நீரை இஞ்சின் ஒரே மடக்கில் குடித்துவிடும், கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

அடுத்தது இன்டர்கூலர். காற்றுக்குக் காற்று வகை எளிமையானது, பம்ப் கிடையாது, கெட ஒன்றுமில்லை. ஆனால் கார் ஓடும்போதுதான் அது வேலை செய்யும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நிற்கும்போது, முன்னால் உள்ள லாரியின் சூட்டை வாங்கிக்கொண்டு அது வெறும் இரும்புப் பெட்டி போலச் சும்மா கிடக்கும். காற்றுக்கு நீர் வகையில் தனி நீர்ச்சுற்று, பம்ப், நீரின் சூட்டை வெளியே விடும் முன்பக்க ஹீட் எக்ஸ்சேஞ்சர், தொட்டி என்று பாகங்கள் கூடும். ஆனால் தொட்டியில் உள்ள நீர் சிறிது நேரத்துக்குச் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். நம் பகுதிக்கு நீர் வகையையே பரிந்துரைக்கிறேன், மூன்று நிபந்தனைகளோடு.

முதலாவது, ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கென்று தனி மின்விசிறி இருக்க வேண்டும். கிட்டுகளில் பெரும்பாலும் இது வராது. இரண்டாவது, பம்ப் இக்னிஷன் போட்டவுடனே ரிலே வழியாக ஓடத் தொடங்கி எப்போதும் ஓட வேண்டும். பூஸ்ட் வரும்போது மட்டும் ஓடும்படி வயரிங் செய்தால், நெரிசலில் தேங்கிய வெப்பம் அப்படியே நிற்கும். பம்ப் நின்றுவிட்டால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும்படியும் செய்யுங்கள், ஏனென்றால் அது நின்றது சத்தத்தால் தெரியாது. மூன்றாவது, இந்தச் சுற்றை இஞ்சின் கூலன்ட்டோடு ஒருபோதும் இணைக்கக் கூடாது. இஞ்சின் கூலன்ட் 90 டிகிரியில் இருக்கிறது, அதைக் கொண்டு காற்றைக் குளிர்விக்க முடியாது.

தொட்டி, சுற்றிலேயே மிக உயரமான இடத்தில் இருந்தால்தான் காற்றுக் குமிழிகள் வெளியேறும். முதல் தடவை நிரப்பிய பின் மூடியைத் திறந்து வைத்துப் பம்பை ஓட்டி, குமிழி நிற்கும் வரை பாருங்கள். நீர் நன்றாகத் திரும்பி விழுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இங்கே உறைபனி இல்லாததால் முக்கால் பங்கு டிஸ்டில்டு வாட்டரும் கால் பங்கு கூலன்ட்டும் போதும். கூலன்ட்டில் உள்ள கிளைகால் என்ற திரவத்தைவிட நீர் நன்றாக வெப்பத்தைச் சுமக்கும், அரிப்பைத் தடுப்பதற்குத்தான் கூலன்ட் தேவைப்படுகிறது. கடற்கரைப் பக்கத்துப் போர் தண்ணீர் உப்பு மிக்கது. அதையோ லாரித் தண்ணீரையோ இந்தச் சுற்றிலும் ரேடியேட்டரிலும் ஊற்றாதீர்கள், மெல்லிய குழல்களில் உப்புப் படிந்து அடைத்துவிடும்.

ஹீட் எக்ஸ்சேஞ்சரை ஏ.சி. கண்டென்ஸருக்கு முன்னால் முழு அகலத்துக்குப் பொருத்துவது பட்டறைகளுக்கு எளிது. ஆனால் அது விடும் சூட்டைக் கண்டென்ஸர் வாங்கி, இரண்டின் சூட்டையும் ரேடியேட்டர் வாங்கும். பம்பரின் கீழ்ப்பகுதியிலோ பக்கவாட்டிலோ இடம் இருந்தால் அங்கே வையுங்கள்.

தண்ணீர் தெளிக்கும் முறையை, அதாவது காற்றுக்குழாயில் மெல்லிய நீர்த்திவலையைச் செலுத்துவதைச் சிலர் சேர்க்கச் சொல்வார்கள். அது பயனுள்ளதுதான். ஆனால் வெளிநாட்டில் அதில் பாதி மெத்தனால் கலக்கிறார்கள். தமிழ்நாட்டில் மெத்தனாலை உரிமம் இல்லாமல் வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம், உயிரைப் பறிக்கும் நஞ்சும்கூட. டிஸ்டில்டு வாட்டரை மட்டும் பயன்படுத்துங்கள். தொட்டி காலியானால் ஈ.சி.யூ. தானாகவே பாதுகாப்பான மேப்புக்கு (பெட்ரோல், இக்னிஷன் அளவுகளின் பட்டியலுக்கு) மாறும் வசதி இல்லையென்றால் இதைச் சேர்க்கவே வேண்டாம்.

7. ரேடியேட்டரும் பானெட்டுக்குள் சூடும்

ரேடியேட்டரைப் பெரிதாக்குவதற்கு முன், முன்னால் வரும் காற்று அதன் வழியாகவே போகிறதா என்று பாருங்கள். ஓரங்களில் இடைவெளி இருந்தால் காற்று எளிய வழியைத் தேடிச் சுற்றிக்கொண்டு போய்விடும். எல்லா இடைவெளியையும் ஃபோமாலும் தகட்டாலும் அடையுங்கள். வேலையின்போது கழற்றிய அடித்தகட்டைத் திரும்ப மாட்டுங்கள், அதை மூலையில் போட்டுவிடும் வழக்கம் பட்டறைகளில் உண்டு.

இஞ்சின் சுற்றில் பாதிக்குப் பாதி கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் ஊற்றுங்கள். 1 பார் மூடி சரியாகப் பிடித்தால் வெறும் நீர்கூட 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் குளிர்ச்சி கூடும் என்று சொல்பவர்களைக் கேட்காதீர்கள்.

சூடு வெளியேறட்டும் என்று பானெட்டின் பின்முனையை வாஷர் வைத்துத் தூக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கார் வேகமாகப் போகும்போது முன்கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் கூடுதலாக இருப்பதால், அந்த இடைவெளி வழியே காற்று உள்ளேதான் வரும், ரேடியேட்டரின் காற்றோட்டமும் குறையும். திறப்பு வேண்டுமானால் அது ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் துணிப்பட்டை சுற்றினால் சூடு குறையும். ஆனால் கடற்காற்றின் ஈரத்தையும் உப்பையும் அந்தப் பட்டை பிடித்துவைத்து, சாதாரண இரும்புக் குழாயைத் தனக்கு அடியிலேயே துருவேற்றித் தின்றுவிடும். காசிமேட்டிலும் எண்ணூரிலும் வண்டியை வெளியில் நிறுத்துபவர்களுக்குச் செராமிக் பூச்சும் தகட்டுத் தடுப்பும் நல்லது.

8. ஆயில்

முழு சிந்தெடிக் ஆயில், 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். ஆயில் 125 டிகிரியைத் தாண்டினால் வேகத்தைக் குறையுங்கள், 135ஐ எட்டினால் ஓரங்கட்டுங்கள். ஆயில் கூலர் வைத்தால் தெர்மோஸ்டாட் உள்ள இணைப்பாக வாங்குங்கள். இஞ்சினின் அடிப்பகுதியான கிரான்க்கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவி காற்றோடு கலந்தால் பெட்ரோலின் தட்டல் எதிர்ப்பு (நேரம் தவறி வெடித்து இஞ்சின் தட்டாமல் காக்கும் தன்மை) குறையும், இன்டர்கூலரின் உட்புறமும் பிசுக்கேறும். இதற்கு, அந்த ஆயிலைப் பிடித்துவைக்கும் நல்ல தடுப்புள்ள கேட்ச் கேன் போதும். சூப்பர்சார்ஜருக்கென்று தனி ஆயில் இருந்தால், அதன் அளவும் காலமும் கையேட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

9. பெட்ரோல், பிளக், டியூனிங்

இப்போது பங்கில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. இது டியூனிங்கில் மிக முக்கியமானது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு முழு எரிப்பு விகிதம் (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் எத்தனை பங்கு காற்று என்பது) 14.7 என்றால், இந்த இ20க்கு ஏறத்தாழ 13.5. வெளிநாட்டுப் பெட்ரோலுக்காக எழுதிய மேப்பை அப்படியே ஏற்றினால், பூஸ்ட்டில் ஈ.சி.யூ. தன்னைத் திருத்திக்கொள்ளாத நிலையில், கலவை 8 சதவீதம் அளவுக்குப் பெட்ரோல் குறைந்ததாகிவிடும். பிஸ்டன் உருகுவது இப்படித்தான். ஆகையால் எப்போதும் லாம்டா அளவில் (1 என்றால் முழு எரிப்புக் கலவை, குறைந்தால் பெட்ரோல் கூடுதல்) பேசும் டியூனரிடம் போங்கள். முழு பூஸ்ட்டில் லாம்டா 0.80 அளவில் இருக்கட்டும், இன்ஜெக்டர்கள் 85 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்க வேண்டாம், பெட்ரோல் அழுத்தம் பூஸ்ட்டோடு சேர்ந்து உயர வேண்டும்.

95 ஆக்டேன் பெட்ரோலுக்கு டியூன் செய்து, அதையே போடுங்கள். 100 ஆக்டேனுக்கு டியூன் செய்தால், அது கிடைக்காத நாளில் கார் வீட்டிலேயே நிற்க வேண்டும். ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த வகையாக இருக்கட்டும். என்ஜிகே வரிசையில் 6 இருந்த இடத்தில் 7. இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ.

பாதுகாப்பு மேப்பைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் பெரும்பாலும் செய்ய மாட்டார்கள். எக்ஸாஸ்ட் புகையால் சுழலும் டர்போவில், புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டைத் திறந்து பூஸ்ட்டைக் குறைக்கலாம். பெல்ட்டில் ஓடும் சூப்பர்சார்ஜரில் புல்லியின் அளவே பூஸ்ட்டைத் தீர்மானிக்கிறது, ஆகவே ஈ.சி.யூ.வின் கையில் இருப்பவை த்ராட்டிலை மூடுவது, இக்னிஷனைத் தாமதிப்பது, சுழற்சி வேகத்துக்கு வரம்பு போடுவது, அழுத்திய காற்றைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு மின்சாரத்தில் இயங்குவதாக இருந்தால் அதைத் திறப்பது ஆகியவையே. என் காரில் உள்ள வரம்புகளைச் சொல்கிறேன்: காற்று 55 டிகிரியைத் தாண்டியதும் டைமிங் படிப்படியாகக் குறைகிறது, 75இல் த்ராட்டில் பாதிக்கு மேல் திறக்காது, கூலன்ட் 110ஐத் தொட்டால் 3,500 ஆர்.பி.எம்.முக்கு மேல் போகாது. ஆயில் அழுத்தம் குறைந்தாலோ பூஸ்ட்டில் லாம்டா 0.88ஐத் தாண்டினாலோ உடனே பெட்ரோல் நின்றுவிடும். உங்கள் இஞ்சினுக்கு எண்கள் வேறாகலாம், ஆனால் இந்த நான்கும் இல்லாத மேப்புக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

காலம் பற்றி ஒன்று. மார்கழிக் குளிரில் டைனோவில் (காரின் சக்தியை அளக்கும் சோதனை மேடையில்) எடுத்த அழகான எண்ணிக்கை வைகாசியில் செல்லாது. முடிந்தால் கடைசி டியூனிங்கைச் சித்திரை, வைகாசி மாதங்களில், பிற்பகலில், கடற்காற்று தொடங்குவதற்கு முன் வையுங்கள். குளிர்காலத்தில் செய்தே ஆக வேண்டுமானால், வெயில் காலத்தில் ஒரு மறுபரிசோதனையைச் சேர்த்தே கட்டணம் பேசுங்கள்.

10. ஓட்டும் முறை

முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பூஸ்ட் ஏறாமல் மென்மையாக ஓட்டி, ஒவ்வொரு நாளும் பெல்ட்டின் தளர்வு, கசிவு, ஹோஸ் கிளிப்புகளைப் பாருங்கள். பெல்ட் வழுக்கினால் பூஸ்ட் குறைவதோடு புல்லியும் சூடாகும். ரப்பர் வாடை வந்தால் டென்ஷனரைப் பாருங்கள். பிறகு பதிவுகள் எடுக்க, விடியற்காலையில் செங்குன்றத்துக்கு அப்பால் கும்மிடிப்பூண்டி நோக்கிப் போகும் சாலையில், சட்டப்படியான வேகத்துக்குள், சீராக ஓட்டி வெப்பங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முழு மிதியைத் தடத்துக்கோ டைனோவுக்கோ விட்டுவிடுங்கள்.

நெரிசலில் சூப்பர்சார்ஜர் பூஸ்ட் கொடுக்காவிட்டாலும் பெல்ட்டில் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது, இஞ்சினின் சூடும் அதன் உடலில் ஏறிக்கொண்டே இருக்கிறது. துறைமுக வாயிலுக்கான லாரி வரிசையைத் தாண்டிச் சாலை திறந்தவுடன் மிதிக்காதீர்கள். காற்று வெப்பம், வெளிவெயிலைவிட 15 அல்லது 20 டிகிரிக்குள் இறங்கும் வரை சாதாரணமாக ஓட்டுங்கள். வண்டியை நிறுத்திப் பத்து, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கிளப்பும்போதும் இதே பொறுமை வேண்டும், அப்போதுதான் பானெட்டுக்குள் சூடு உச்சத்தில் இருக்கும். "கடகட" என்று இஞ்சின் தட்டும் சத்தம் ஒரு தடவை கேட்டாலும் காலை எடுத்துவிட்டு, பதிவைப் பார்க்கும் வரை பூஸ்ட் பக்கம் போகாதீர்கள்.

11. மாதந்தோறும், ஆண்டுதோறும்

மணலி, எண்ணூர்ச் சாலைகளின் நிலக்கரித் தூசியும் லாரிப் புழுதியும் ஃபில்டரை விரைவில் அடைக்கும். மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சர், கண்டென்ஸர், ரேடியேட்டர் ஆகியவற்றின் தகடுகளில் ஒட்டும் உப்பையும் பூச்சியையும் நல்ல தண்ணீரால், குறைந்த அழுத்தத்தில் கழுவுங்கள். வாட்டர் வாஷ் கடையின் பிரஷர் கன் தகடுகளை வளைத்துக் காற்றோட்டத்தையே மூடிவிடும், அதனால் கழுவுபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மின் இணைப்புகளில் பச்சை படர்ந்திருக்கிறதா என்று பம்ப் ரிலேயிலும் விசிறி சாக்கெட்டிலும் பாருங்கள், உப்புக்காற்று முதலில் தாக்குவது அவற்றைத்தான்.

பங்குனி முடிவதற்குள் இரண்டு சுற்றுகளின் கூலன்ட்டையும் சோதித்து, பம்ப் ஓட்டத்தைத் தொட்டியில் பார்த்து, விசிறிகள் கிளம்பும் வெப்பநிலையை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஐப்பசிக்கு முன் ஃபில்டர் பெட்டியின் வடிகால் துளையையும் அடித்தகட்டையும் பாருங்கள். புகைச் சான்றிதழ் காலாவதியாகும் நாளையும் காப்பீடு புதுப்பிக்கும் நாளையும் இதே குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். காப்பீட்டை இணையத்தில் புதுப்பிக்கும்போது, முந்தைய ஆண்டின் ஒப்புதல் குறிப்பு புதிய பத்திரத்தில் தானாக வந்திருக்கிறதா என்று படித்துப் பார்த்து, விடுபட்டிருந்தால் பணம் கட்டிய அன்றே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பித் திருத்திய பத்திரத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.